பூப்பறிப்புக்குக் கடிகாரம் வைக்கும் முன்

நிலக்கோட்டை வட்டாரத்து மல்லிகைத் தோட்டக்காரர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நம் குழுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பூ எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஆளும் தோட்டத்துக்கு ஒரு கூலி கேட்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பத்து ரூபாய் ஏற்றினால் மறுநாள் காலை நம் வரப்பில் ஒருத்தரும் நிற்பதில்லை. புலம்பி முடித்ததும் முடிவெடுத்தீர்கள். படித்த பையன் ஒருவனைக் கூட்டிவந்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, ஒரு கிலோ பூ எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. அந்தக் கணக்கை வைத்து வட்டாரம் முழுவதற்கும் ஒரே கிலோக்கூலி. தை முதல் தேதியிலிருந்து அமல். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று வெளியே வந்து இரண்டு பேர் கேட்டார்கள். பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

அளக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் அளந்து பிழைத்தவன். ஊருக்குத் திரும்பி அப்பாவின் தோட்டத்தைக் கையில் எடுப்பதற்கு முன் 22 வருடம் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வொர்க் ஸ்டடி பிரிவில் இருந்தேன். ஒரு பலகை, அதன் மூலையில் பொருத்திய கடிகாரம், கிளிப்பில் ஒரு தாள். அந்தக் கடிகாரத்தில் நிமிடத்துக்கு அறுபது கோடு கிடையாது, நூறு கோடு. கூட்டிக் கழிக்க வசதி. கோன் வைண்டிங்கில் நூல் அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடி போட்டு மறுபடி ஓடவிட எத்தனை கோடு, தள்ளுவண்டி வந்து சேர எத்தனை கோடு என்று எழுதிக்கொண்டே திரிவோம். மில்லில் எங்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

இந்த வித்தையைப் பெரிதாக்கியவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் டெய்லர். 1880-களில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு எஃகு ஆலையில் கடிகாரத்தோடு ஆட்களின் பின்னால் நிற்கத் தொடங்கினார். 1899-ல் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில், நாளுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டி சுமந்துகொண்டிருந்த ஒருவரை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாக 1911-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அந்தக் கதைக்கு அவர் நிறைய மெருகு போட்டிருக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், அது கிடக்கட்டும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த இரும்புக் கட்டிதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 92 பவுண்டு. குவியல் ஒரே இடத்தில் கிடக்கும், ஏறுகிற பலகையும் ஒன்று, ரயில் பெட்டியும் ஒன்று. சித்திரையிலும் 92 பவுண்டு, கார்த்திகையிலும் 92 பவுண்டு. டன்னுக்கு இத்தனை நிமிடம் என்று அங்கே சொல்லலாம். நம் செடியில் பூ அப்படியா கிடக்கிறது?

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்கு வந்த முதல் வருடம் நீங்கள் இப்போது போட்ட திட்டத்தையே நானும் போட்டேன். அது சித்திரை. செடி தெரியாமல் பூ. கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல வரிசைகளாகப் பார்த்து, என் தோட்டத்தில் கை தேர்ந்த ஒரு அக்காவை இறக்கிவிட்டு, மில்லில் நிற்பதுபோலப் பின்னால் நின்றேன். மூன்று தடவை பார்த்தேன். கிலோவுக்கு ஒரு மணி நேரமும் ஐந்து பத்து நிமிடமும் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி நியாயமோ அதிலிருந்து கிலோக்கூலியைக் கணக்குப் போட்டு, தராசுக்கு மேலே அட்டையில் எழுதிக் கட்டினேன். ஆனி வரை பிரச்சினையில்லை. கார்த்திகையில் ஒருநாள் காலை வரப்பில் யாருமே இல்லை. சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அந்த அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: “நாலு மணி நேரம் குனிஞ்சு ஒரு கிலோ தேறலை தம்பி. அன்னைக்கு என் கையைத்தானே பாத்துக்கிட்டு நின்னே. நான் பூவைத் தேடிக்கிட்டுல்ல இருந்தேன்.”

மறுநாள் நானும் நெற்றி லைட்டை மாட்டிக்கொண்டு அவருக்கு அடுத்த வரிசையில் இறங்கினேன். கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மணி நாலு. இலையெல்லாம் பனி. சேலையை இடுப்பில் மடித்துக் கட்டிய மடி, உள்ளே ஈரம் படாமல் இருக்க ஒரு உரச்சாக்குத் துண்டு. இடது கை கிளையை ஒதுக்கிப் பிடிக்கிறது. கண் ஒரு சுற்றுப் போய் வருகிறது. இன்றைக்கு எடுக்க வேண்டிய அரும்பு வெள்ளையேறி உருண்டிருக்கும். நாளைக்கு எடுக்க வேண்டியது கொஞ்சம் பச்சை படிந்து ஒல்லியாக இருக்கும். லைட் வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நாளைய அரும்பை இன்றைக்கே கிள்ளினால் எடை நஷ்டம். இன்றைய அரும்பைத் தப்பவிட்டால் சாயங்காலம் செடியிலேயே விரிந்துவிடும். மறுநாள் அதை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் கூடையைத் தள்ளிவைப்பார். அரும்புக்கு அரும்பு இந்தத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே அவர் கிள்ளுகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைக் கிள்ளும், மற்ற மூன்று விரலும் உள்ளங்கைக்குள் ஒதுக்கும், உள்ளங்கை நிறைந்ததும் மடியில் ஒரு கொட்டு. நான் ஒரு செடியை முடிப்பதற்குள் அவர் ஐந்து செடி தாண்டிப் போய்விட்டார். ஆனால் அந்த ஐந்து செடியிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஒரு கை பூக்கூட இல்லை.

அன்று புரிந்ததை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் தோட்டத்து எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும். குண்டுமல்லி அரும்பு நூறை எடை போட்டால் 20-லிருந்து 25 கிராம் நிற்கும். கிலோவுக்கு 4,200 அரும்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு செடியை விட்டு அடுத்த செடிக்கு நகர்ந்து, கிளையை ஒதுக்கி, சுற்றிப் பார்க்க 15 வினாடி. பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த 15 வினாடி போயே தீரும். அதற்கு மேல், எடுக்கிற ஒவ்வொரு அரும்புக்கும் 0.7 வினாடி.

சித்திரையில் செடிக்கு 60 அரும்பு. செடிக்கு 57 வினாடி. கிலோவுக்கு 70 செடி. ஆக 66 நிமிடம் சொச்சம். கார்த்திகையில் செடிக்கு 5 அரும்பு. செடிக்குப் பதினெட்டரை வினாடிதான், பார்த்தால் ஆள் ஓடுவதுபோலவே இருக்கும். ஆனால் கிலோவுக்கு 840 செடி ஏறி இறங்க வேண்டும், 259 நிமிடம். நாலே கால் மணி நேரத்துக்கு மேல். அதே ஆள், அதே கை, அதே வேகம். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 2,590 செடி. கார்த்திகையில் ஒரு கிலோவுக்காக ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கைச் சல்லடை போட வேண்டும். செடி விட்டுச் செடி போவதிலேயே ஒரு கிலோமீட்டர் நடை, அதுவும் குனிந்தபடி. சித்திரையில் அது 90 மீட்டர்கூட இல்லை.

ஆக ‘ஒரு கிலோ பூ எடுக்க எத்தனை நிமிடம்’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. சித்திரையில் அளந்து கூலி வைத்தால் கார்த்திகையில் ஆள் வராது. கார்த்திகையில் அளந்து வைத்தால் சித்திரையில், கிலோ சில நூறு ரூபாய்க்கு விழுந்து கிடக்கிற நேரத்தில், நாலு மடங்கு கூலியைக் கொடுத்துவிட்டு நாம் துண்டைத் தலையில் போட வேண்டியதுதான். நீங்கள் அளக்கப் போவதோ இந்த ஐப்பசியில், இரண்டும் இல்லாத மாதத்தில். அந்த எண் யாருக்கும் ஒத்துவராது.

பதில் உள்ள கேள்வி வேறு. ஒரு செடியைப் பார்க்க எவ்வளவு நேரம், ஒரு அரும்பை எடுக்க எவ்வளவு நேரம்? இந்த இரண்டும் மாதத்துக்கு மாதம் அவ்வளவாக மாறாது. எடுப்பதும் சுலபம். நாற்பது செடியைத் தேர்ந்துகொள்ளுங்கள்: பாதி பூத்துக் குலுங்குவது, பாதி வெறுமையாக இருப்பது. ஒவ்வொரு செடிக்கும் இரண்டே விவரம்: எத்தனை அரும்பு எடுத்தார், எத்தனை வினாடி ஆனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கட்டத்தாளில், படுக்கையில் அரும்பு, நெடுக்கில் வினாடி என்று நாற்பது புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு நடுவே ரூலர் வைத்து ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு இடது ஓரத்தை எங்கே தொடுகிறதோ அது வெறும் செடிக்கு ஆகிற நேரம். கோடு ஏறுகிற சரிவு, அரும்புக்கு ஆகிற நேரம். நாற்பது புள்ளிக்கு ஒரு காலைப் பொழுது போதும். கம்ப்யூட்டர் வேண்டாம்.

பிறகு கூலியையும் இரண்டாகப் பிரிக்கலாம். என் எடுத்துக்காட்டு எண்களில், நூறு செடிக்கு 25 நிமிடக் கூலி; அதோடு தராசில் நிற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 49 நிமிடக் கூலி. சித்திரைக்கும் இதே கணக்கு, கார்த்திகைக்கும் இதே கணக்கு. கூட்டிப் பாருங்கள், அந்த 66-ம் 259-ம் தானாக வரும். வரிசைக்கு எத்தனை செடி என்று ஒருமுறை எண்ணி வரப்புக் கல்லில் சுண்ணாம்பால் எழுதிவிட்டால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. வட்டாரம் முழுவதற்கும் ஒரே கூலி வேண்டுமென்றால் அதை இப்படித்தான் வைக்க முடியும்.

இனி அந்தப் பையனுக்கு. அவன் கடிகாரத்தை அமுக்கியதும் அவன் முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. மில்லில் நாங்கள் எல்லோரும் விழுந்து எழுந்த பள்ளம். ஒருவரைப் பார்த்து 60 நிமிடம் என்று எழுதிவிட்டால் போதாது. அவர் இயல்பான வேகத்தில் செய்தாரா, நம்மைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தாரா, பறந்தாரா என்று ஒரு மார்க் போட வேண்டும். ரேட்டிங் என்பார்கள். இயல்பான வேகம் 100. எண்பது என்று மார்க் போட்டால் அந்த 60 நிமிடம் கணக்கில் 48 ஆகிவிடும். இந்த மார்க் கடிகாரத்திலிருந்து வருவதில்லை, பார்க்கிறவன் கண்ணிலிருந்து வருகிறது. கண்ணைப் பழக்க எங்களுக்குச் சீட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள், சிரிக்காதீர்கள்: 52 சீட்டையும் நாலு பேருக்குப் போட்டு முடிக்க இருபத்திரண்டரை வினாடி ஆனால் அது 100. சமதரையில் கைவீசி மணிக்கு நாலு மைல் நடந்தால் அதுவும் 100. வாரக்கணக்கில் சீட்டுப் போட்டுப் பார்த்தும், ஒரே ஆளை மூன்று பேர் மூன்று விதமாக மார்க் போட்டுவிட்டு கேன்டீனில் சண்டை போடுவோம். பூப்பறிப்பில் எது 100 என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருட்டில், ஈரத்தில், இடுப்பு வளைந்து நிற்கிற அறுபது வயதுப் பெண்ணுக்கு ஒரு பையன் 80 என்று எழுதினால் அவர் கூலியில் ஐந்தில் ஒன்று போயிற்று. என்னைக் கேட்டால் இந்த மார்க்கே வேண்டாம். கெட்டிக்காரர் ஒருவரை மட்டும் பார்க்காமல் எட்டுப் பேரை, வயதானவர் புதியவர் எல்லோரையும் சேர்த்து, நாலைந்து நாள் பார்த்து, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓய்வுக் கணக்கு. கடிகாரம் சொன்ன நிமிடம் கை ஓடிய நிமிடம் மட்டுமே. தண்ணி குடிக்க, ஒதுங்க, இடுப்பை நிமிர்த்த நேரம் அதில் கிடையாது; அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுப் புத்தகத்தில் எடுத்துக்காட்டாக ஒரு பட்டியல் உண்டு, மில்லில் அதைத்தான் சுவரில் ஒட்டியிருந்தோம். பெண்ணுக்குச் சொந்தத் தேவைக்கு நூற்றுக்கு 7, பொதுவான களைப்புக்கு 4, நின்றே செய்வதற்கு 4, குனிவதற்கு 3, வெளிச்சம் போதவே போதாத இடமென்றால் 5, கண்ணைக் கூர்ந்து செய்கிற வேலைக்கு 2. கூட்டினால் 25. மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது இல்லையா? ஆணுக்கு இதே பட்டியலில் சில எண்கள் குறையும். நம் தோட்டத்தில் அந்தக் கவலை யாருக்கு, ஆண் எவன் வருகிறான் பூ எடுக்க. ஆக 66 நிமிடம் என்பது கூலி போடுகிறபோது 83 நிமிடம். இந்த 25-ஐ விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர் அளக்கத் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர்.

ஸ்டாப்வாட்ச் ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பருத்தி ஆலை ஆராய்ச்சிக்காக மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி நிறுவனத்தில் டிப்பெட் என்று ஒரு புள்ளியியல்காரர் வேலை பார்த்தார். தறிகள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன, எவ்வளவு நேரம் சும்மா நிற்கின்றன என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆளைக் கடிகாரத்தோடு நிறுத்த முடியுமா? அதற்குப் பதில், நினைத்த நேரத்தில் ஷெட்டுக்குள் நடந்து, அந்த நொடியில் எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டு வந்தார். நூறு பார்வையில் முப்பது தடவை நின்றிருந்தால் நேரத்திலும் நூற்றுக்கு முப்பது நின்றிருக்கிறது. 1930-களில் இதை எழுதி வெளியிட்டார். மில்லில் பிறந்த வழி என்பதாலோ என்னவோ, இது எனக்குப் பிடித்தது. யார் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை. யார் முகமும் சுருங்காது.

தோட்டத்தில் செய்து பார்த்தேன். காலை மூன்றரையிலிருந்து ஒன்பது வரை நேரங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, நாளுக்கு 12 சீட்டு எடுத்தேன். எடுத்த நேரத்துக்கு வரப்பில் ஒரு நடை. எட்டுப் பேரில் யார் கிள்ளுகிறார், யார் தேடுகிறார், யார் நடக்கிறார், யார் தராசடியில் நிற்கிறார் என்று கண்ணில் பட்ட முதல் நொடியில் ஒரு கோடு. நாலு நாளில் 384 பார்வை. நூற்றுக்கு ஐந்து முன்பின்னாகச் சரியாக இருக்க ஏறக்குறைய அத்தனை போதும் என்கிறது அந்தச் சாத்திரம். குலுக்கல் மட்டும் அவசியம். கால் மணிக்கு ஒரு தரம் என்று ஒழுங்காகப் போனால், மடி நிறைந்து எல்லோரும் தராசுக்கு வருகிற நேரமும் நம் நடையும் ஒன்றாக விழுந்துவிடும். இல்லாத கூட்டம் இருப்பதாகத் தெரியும்.

பார்த்தவற்றில் ஏறக்குறைய ஆறில் ஒன்று தராசடியில். பூ எடுப்பவர்களுடைய கை மெதுவாக ஓடுகிறது என்று நான் கூட்டங்களில் பேசிய காலமெல்லாம், என் ஒற்றைத் தராசுக்கு முன்னால் அவர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள்! இன்னொரு தராசு வாங்கினேன். பூக்கூடையை மோட்டார் ரூமிலிருந்து வரிசையின் தலைமாட்டுக்கு மாற்றினேன். ஒரு காசு கூலி குறைக்காமல் முக்கால் மணி நேரம் முன்னதாக வண்டி கிளம்பியது. மார்க்கெட்டுக்கு முந்திப் போகிற கூடைக்கு என்ன விலை, பிந்திப் போகிற கூடைக்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெய்லர் காலத்திலேயே ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் இந்த வழியில் போனவர்கள். கொத்தனார் ஒரு செங்கல் வைக்கப் பதினெட்டு அசைவு செய்துகொண்டிருந்ததை ஐந்தாகக் குறைத்தார் கில்பிரெத். பெரும்பாலும் சாரத்தை உயர்த்தி, கல்லைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, குனிய வேண்டிய தேவையை எடுத்துவிட்டுத்தான். ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்பதற்குப் பதில் ‘ஏன் குனிகிறார்’ என்று கேட்டார்கள். நம் கூட்டத்தில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை.

கவாத்து, களையெடுப்பு, மருந்தடிப்பு இதற்கெல்லாம் கடிகாரமே வேண்டாம். எத்தனை பேர், எந்த வரிசை, எப்போது இறங்கினார்கள், எப்போது ஏறினார்கள். நோட்டில் நாலு கட்டம். இரண்டு வருடம் எழுதினால் ஏக்கருக்கு எத்தனை ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். களைக்கு மட்டும் மழை பெய்ததா, கோரை எவ்வளவு என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு அந்த எண்ணே புரியாது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. பூ எடுப்பவர்களிடம் யாராவது கேட்டீர்களா? 1911-ல் அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் அரசாங்க ஆயுதசாலையில், சொல்லாமல் கொள்ளாமல் கடிகாரத்தோடு வந்து நின்றார்கள். வார்ப்படக்காரர் ஒருவர் மறுத்தார், வேலையை விட்டு நீக்கினார்கள், மற்ற வார்ப்படக்காரர்கள் வெளியேறிவிட்டார்கள். விஷயம் நாடாளுமன்ற விசாரணை வரை போய், அரசாங்கத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச்சுக்குத் தடை வந்தது. பல வருடம் நீடித்தது. நம் ஊரில் வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கு மினி வேனில் ஏறிப் போய்விடுவார்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிலோக்கூலி கொடுத்தாலும், நேரக்கணக்கில் அரசு வைத்திருக்கிற குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொன்னது; 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டமும், வந்தபோது, ஏழு மணி நேரம் வேலை செய்கிற ஒருவர் இயல்பாக முழுக்கூலியை எட்டும்படிதான் அளவுக்கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்றது. முதலில் நேரம், அதிலிருந்து கூலி. நாம் தலைகீழாகப் போகிறோம்: கொடுக்க மனதில் ஒரு கூலியை வைத்துக்கொண்டு, அதற்குச் சாட்சியாக ஒரு கடிகாரத்தைத் தேடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சொன்ன தொகை என் காதில் விழுந்தது. அளப்பதற்கு முன்பே அது ரூபாய் சில்லறையோடு தயாராக இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தை முதல் தேதி என்பதை விட்டுவிடுங்கள். கவாத்துச் செய்யாமல் மார்கழி விலைக்காக விட்டுவைக்கிற வரிசைகளில் இந்தக் குளிர் மாதங்களில் ஒருமுறையும், பங்குனி சித்திரையில் ஒருமுறையும், குறைந்தது எட்டுத் தோட்டங்களில் செடிக் கணக்கையும் அரும்புக் கணக்கையும் எடுப்போம். ஒவ்வொரு தோட்டத்திலும் பூ எடுப்பவர்களில் ஒருவர், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், நம் பையனோடு உட்கார்ந்து அதே எண்களைத் தன் நோட்டிலும் எழுதட்டும். இரண்டு நோட்டும் ஒத்துப்போகிற எண்ணை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுவருவோம். கட்டத்தாளில் கோடு போட நான் வருகிறேன். கண் கொஞ்சம் மங்கிவிட்டது, ரூலரைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை மட்டும் நாளைக்கே தொடங்கலாம். தராசுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு மடியும் தராசில் ஏறும்போது மணி, ஆள், வரிசை எண், எடை. செலவே இல்லாத நேரக் கணக்கு இது. நம் குழுவுக்காகப் பன்னிரண்டு நோட்டு வத்தலகுண்டில் வாங்கி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை மட்டும் தராசுக் கம்பியில் நூலால் கட்டிவிடுங்கள். என் தோட்டத்தில் முதல் வாரத்திலேயே மூன்று பேனா காணாமல் போய்விட்டது.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன்